மூன்றில் ஒரு பங்கு

நைனாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஐயர் கிளம்பிப் போய், சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கூட முடிக்கவில்லை. அதற்குள் அண்ணன் மோகன் ஒரு தாம்பாளத்தோடு என் முன்னால் வந்து நின்றான். தாம்பாளத்தில் அரக்குப் பட்டுப்புடவை, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு டஜன் கண்ணாடி வளையல். புடவைக்கு அடியிலிருந்து ஒரு முத்திரைத்தாளின் ஓரம் எட்டிப் பார்த்தது.

"இந்தாம்மா ஹேமா. பொறந்த ஊட்டு சீரு. வாங்கிக்கோ" என்றான்.

பக்தவத்சலம் மாமா தொண்டையைச் செருமினார். அவர் அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் நாற்காலி அவருக்குத்தான். "வாங்கிகினு, அடியில கீற பேப்பர்ல ஒரு கையெய்த்து போட்ரு கண்ணு. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அப்பாலிக்கா போய்க்கலாம்" என்றார்.

இது எங்கள் பக்கத்துப் பழக்கம். அப்பன் செத்த வீட்டில் பெண்ணுக்குப் புடவை வைத்துக் கொடுப்பார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். அதோடு அந்த வீட்டில் அவளுக்கு இருந்த பாத்தியதை முடிந்தது. எனக்குத் தெரிந்து எங்கள் ஊர் கள்ளிக்குப்பத்தில் எந்தப் பெண்ணும் புடவைக்கு அடியில் இருந்ததைப் படித்துப் பார்த்ததில்லை.

நான் புடவையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தாளை எடுத்துப் படித்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் திமிர் உண்டுதான். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மெஷினில் இருந்து வரும் பீஸை அளப்பேன். சரியாக இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் சிவப்பு டேக். லாரி வாசலில் நிற்கிறது, இந்த ஒரு தடவை போட்டுவிடம்மா என்று யார் கெஞ்சினாலும் அளக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. பெற்ற அப்பன் வீட்டுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேனா?

'விடுதலைப் பத்திரம்' என்று தலைப்பு. உள்ளே, ஹேமாவதியாகிய நான் எனது பாகத்தை எவருடைய தூண்டுதலும் இன்றி, அன்பின் பேரில், முழு மனதுடன் என் சகோதரருக்கு விட்டுக்கொடுத்து, இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் இல்லை என்று இருந்தது.

"முழு மனசுனு போட்டுகீது. என் மனசு முழுசா கீதா அரையா கீதானு இங்க யாராச்சும் கேட்டீங்களா?" என்றேன்.

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"இன்னா ஹேமா இப்டி பேசுற? ஆஸ்பத்திரில நைனாவ பாத்துகினது நானு. இந்த ஊட்ல இருந்துகினு அம்மாவ பாத்துக்கப் போறதும் நானு. உனுக்குத்தான் கல்யாணத்துக்கு நக போட்டு அனுப்பியாச்சே."

"நக போட்டது நைனா. ஊடு கட்னதும் நைனா. நடுவுல நீ யாருண்ணா, புரோக்கரா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணி எழிலரசி சிரிக்கவில்லை. "நான் நசரத்பேட்டையில எங்க ஊட்ல எய்தி குட்த்துட்டுதான் வந்தேன். எங்க அண்ணங்க ஒரு பொடவதான் குட்த்தாங்க. நான் சண்டயா போட்டேன்?" என்றாள்.

"போட்டுருக்கணும் அண்ணி" என்றேன். அவள் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

நான் எதிர்பார்க்காத அடி அம்மாவிடமிருந்து வந்தது. சுவரோரம் முடங்கி உட்கார்ந்திருந்த அம்மா, தாட்சாயிணி, தலையைத் தூக்கினாள். "பொட்டப் புள்ளைக்கு இன்னாடி ஊட்ல பங்கு? நாளிக்கு அவன்தான்டி எனுக்கு கஞ்சி ஊத்தணும். போட்டுக் குட்த்துட்டுப் போயேன்டி" என்றாள்.

அன்றைக்கு நான் அழுதது அந்த ஒரு நிமிஷம்தான். அழுதாலும் கையெழுத்துப் போடவில்லை. தாம்பாளத்தை அண்ணன் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆவடிக்கு, என் வாடகை வீட்டுக்கு, கிளம்பிவிட்டேன்.

வீடு என்றால் பங்களா ஒன்றும் இல்லை. நைனா ஜெயராமன், பேக்டரியில் முப்பத்தோரு வருஷம் பிட்டர். சுற்றிலும் முள்செடியாக இருந்த காலத்தில் மனை வாங்கி, கீழே ஒரு வீடு கட்டி, ரிட்டயர் ஆனதும் மாடியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு போர்ஷன் எடுத்து எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். எழுதி வை நைனா, எழுதி வை நைனா என்று நாலு வருஷம் சொன்னேன். "நான் இன்னா நாளிக்கேவா பூடப் போறேன்?" என்பார். பக்கவாதம் வந்தது, மறுநாளே போய்விட்டார். எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை.

எனக்கு அந்த வீட்டில் ஒரு பங்கு வேண்டும். ஆசை என்றால் ஆசைதான், மறைக்க ஒன்றும் இல்லை. என் புருஷன் அரவிந்தன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். பதினெட்டு வருஷத்தில் ஆறு வாடகை வீடு பார்த்துவிட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அடிக்க ஒருவனைக் கேட்க வேண்டும். என் அப்பன் கட்டிய வீட்டில் எனக்கென்று ஒரு சுவர் இருந்தால் வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

மூன்று வாரம் கழித்து, கம்பெனியில் இருக்கும்போது எதிர்வீட்டு முத்தம்மாள் அக்கா போன் பண்ணினார். "ஹேமா, வி.ஏ.ஓ. வந்துகீதுடி. ஜெயராமனுக்கு எத்தினி புள்ளைங்கனு தெருவுல கேட்டுகினு கீது. உங்க அண்ணன் ஒத்தப் புள்ளனு எய்தி குட்த்துகீறான்போல. சீக்கிரம் வா."

சூப்பர்வைசரிடம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு யூனிபாரத்தோடு கிளம்பினேன். வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள் திட்டினால் யாருக்கும் கேட்காது.

கேட் வாசலில் கிராம நிர்வாக அலுவலர் நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண். கையில் அண்ணன் இ-சேவை மையத்தில் போட்ட வாரிசு சான்றிதழ் விண்ணப்பம். அதில் இரண்டே பெயர். மனைவி தாட்சாயிணி, மகன் மோகன்.

"நான் யாருனு கேளுங்க மேடம்" என்று அண்ணனைக் காட்டினேன். "நான் இன்னா இவங்க ஊட்ல பால் ஊத்த வந்தவளா?"

அண்ணன் கொஞ்சம்கூடப் பதறாமல் பர்ஸிலிருந்து ரேஷன் ஸ்மார்ட் கார்டை எடுத்து நீட்டினான். "மேடம், இவ என் தங்கச்சிதான், இல்லனு சொல்லல. ஆனா கல்யாணம் ஆனப்பவே கார்டுலேர்ந்து பேர எத்தாச்சு. இவ பேரு இப்ப அவங்க ஊட்டு கார்டுல கீது. எங்க குடும்பம்னா கார்டுல கீறவங்கதான?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணன் ஏமாற்றவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருக்கிறான். காரியத்தன்று நீட்டிய பத்திரம்கூட அவனுக்குப் புடவை மாதிரி ஒரு சம்பிரதாயம்தான். அவன் மட்டுமா? கல்யாணம் முடிந்த மாசம், அரிசி கார்டிலிருந்து என் பெயரை நீக்கி வாங்கிக்கொண்டு வந்தபோது, இனிமேல் நான் இந்த வீட்டுக்காரி இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். மனசு கேட்காமல் பஸ்ஸில் அழுதுகூட இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கார்டுதான் குடும்பம்.

அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னார். "சார், கார்டு அரிசி பருப்பு வாங்கறதுக்கு. ஒரே வீட்ல யார் யார் சேர்ந்து சாப்பிடறாங்கன்னு அதுல இருக்கும். அதுல பேரை எடுத்துட்டா மகள் மகள் இல்லைனு ஆயிடுமா? கல்யாணம் ஆனாலும் ஆகாட்டியும் மகள் வாரிசுதான்."

அண்ணன் கார்டைத் திரும்பப் பர்ஸுக்குள் வைத்தான். அவர் விண்ணப்பத்தில் குறிப்பு எழுதிக்கொண்டார். மனைவி தாட்சாயிணி, மகன் மோகன், மகள் ஹேமாவதி. என் ஆதார் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் தாசில்தார் ஆபீசில் கொடுக்கச் சொன்னார். எனக்கு அங்கேயே ஒரு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அண்ணி ஜன்னலில் நின்று பார்த்ததால் அடக்கிக்கொண்டேன்.

அம்மா அதுவரை கேட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள். "யம்மா, என் பேர இன்னாத்துக்கு மொதல்ல போட்டுகீற? நான் இன்னும் எத்தினி நாளிக்கு?" என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் சொந்தமா சம்பாதிச்ச சொத்தும்மா. உயில் எதுவும் இல்ல. அதனால உங்களுக்கு ஒரு பங்கு, மகனுக்கு ஒரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மூணும் சமம்."

"எனுக்கா? எனுக்கு அவன் சோறு போட்டா போறாதா?"

"சோறு வேற, பங்கு வேறம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தெருவுக்குப் போனார்.

அம்மா கேட்டை விடவில்லை. நாற்பது வருஷமாக இருக்கிற வீட்டை அண்ணாந்து மாடிவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பர்மிஷன் முடிகிறதே என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கள்ளிக்குப்பம் போனேன். மீன் வாங்கிக்கொண்டு போவேன். அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டான், ஆனால் வஞ்சிரம் வறுவல் சாப்பிடுவான். சாப்பிட்டு அவன் படுத்ததும், நான் அம்மாவை மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பாடம் எடுப்பேன்.

"அம்மா, அண்ணன் உன் பங்க கேப்பான். மாமாவ உட்டு கேப்பான். அழுதுகூட கேப்பான். எவன் கேட்டாலும் எய்தி குடுக்காத. குட்த்துட்டனு வச்சிக்கோ, அப்பால உனுக்கு இந்த ஊட்ல ஒரு சொம்புகூட சொந்தம் இல்ல. தெரிதா?"

அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே கேள்வி கேட்பாள். நான் உசுரோட கீறப்பவே எனக்குப் பங்கு உண்டா? நான் கைநாட்டு இல்லை, கையெழுத்துப் போடுவேன், அது செல்லுமா? வாடகைக்கு விட்டால் வாடகை என் கையில் வருமா? என்னை இறங்கிப் போ என்று யாராவது சொல்ல முடியுமா? ஒவ்வொரு வாரமும் இரண்டு கேள்வி புதிதாக வரும். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை எங்கள் கம்பெனி யூனியன் வக்கீலிடம் கேட்டு வந்து சொன்னேன்.

ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அம்மாவுக்காக மட்டும் நான் அந்தப் பாடம் எடுக்கவில்லை. அம்மா தன் பங்கை அண்ணனுக்குக் கொடுக்காமல் இருந்தால் அது கடைசியில் யாருக்கு வரும்? மீன் வாங்கிக்கொண்டு வருகிறவளுக்குத்தானே? மூன்றில் இரண்டு என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அரவிந்தனிடம் சொன்னேன். அவர் "உங்கம்மாவ கேட்டியா?" என்றார். "அவங்களுக்கு இன்னா தெரியும்" என்றேன்.

வாரிசு சான்றிதழ் மூன்று பெயரோடு வந்தது. அண்ணன் ஒரு மதியம், என் கம்பெனி வாசல் டீக்கடைக்கே வந்துவிட்டான். இளைத்திருந்தான். எனக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் ஒன்றும் சாப்பிடாமல் நின்றான்.

"ஹேமா, போதும்டி. நைனா போன ஊட்ல நம்ம ரெண்டு பேரும் பேசிக்காம கீறது எனுக்கு தூக்கமே வரல. உன் பங்க நீ எத்துக்கோ. நான் கேட்டது தப்புதான்."

அண்ணன் என்னை ஸ்கூலுக்குச் சைக்கிளில் வைத்து அழைத்துப் போனவன். "நானும் காரியத்தன்னிக்கு எல்லார் முன்னாலயும் அப்டி பேசியிருக்கக்கூடாதுண்ணா" என்றேன்.

"அம்மா பங்குதான் ஒண்ணு கீது. அத்த எனுக்கு உட்டுக் குடுக்க சொல்லேன். நான்தான அவங்கள வச்சினுகீறேன்."

"அது முடியாது. வேணும்னா உனுக்கு பாதி எனுக்கு பாதி."

அண்ணன் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டான். டீ ஆறிப்போனது. "சரி. கீய் ஊடு எனுக்கு, மாடி ரெண்டு போர்ஷனும் உனுக்கு. மனை பாதி பாதி. அம்மா என்னோட இருக்கட்டும். நீ வேணும்ன்றப்ப கூட்டிகினு போ" என்றான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கை குலுக்காத குறைதான். அம்மாவிடம் தானே சொல்லிவிடுவதாக அண்ணன் சொன்னான். சொன்னதற்கு அம்மா "ம், சரி" என்றாளாம்.

பத்திர எழுத்தர் ரகுநாதன் பத்திரம் தயாரித்தார். நான் மூன்று தடவை படித்தேன். சர்வே எண் சரி, நான்கு பக்க எல்லை சரி, என் பெயரில் எழுத்துப் பிழை இல்லை. தாட்சாயிணி தன் மூன்றில் ஒரு பாகத்தை மகனுக்கும் மகளுக்கும் சமமாக, முழு மனதுடன் விட்டுக்கொடுக்கிறார் என்ற வரியையும் படித்தேன். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

பதிவு ஆபீசில் அன்று கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்தவத்சலம் மாமாவும் ரகுநாதனும் சாட்சி. அண்ணி வரவில்லை. அம்மா வெள்ளையில் நீலப் பூப் போட்ட வாயில் புடவை கட்டிக்கொண்டு, கையில் ஆதார் கார்டைப் பிடித்தபடி, யாரிடமும் பேசாமல் இருந்தாள். எனக்கு அன்றைக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. புடவையோடு முடிந்திருக்க வேண்டியவள் மாடி வீட்டுக்காரியாகப் போகிறேன் அல்லவா.

கூப்பிட்டார்கள். முதலில் அம்மா. கேமராவைப் பார்த்து உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பெருவிரல் ரேகை மெஷினில் விழவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து மழுங்கிப்போன விரல். துணியால் துடைத்து மூன்றாவது தரம் அழுத்தி வைத்த பிறகு விழுந்தது. சார்பதிவாளர் கண்ணாடி போட்ட, அலுத்துப்போன முகம் கொண்ட மனிதர். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அம்மாவிடமும் கேட்டார்.

"இதுல என்ன எழுதியிருக்குனு தெரியுமாம்மா? உங்க பங்கை உங்க பையனுக்கும் பொண்ணுக்கும் விட்டுக் குடுக்கறீங்க. உங்க சம்மதத்தோடதான் கையெழுத்துப் போடறீங்களா?"

அம்மா அவரைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

அவர் அடுத்த தாளைப் புரட்டத் தொடங்கியிருந்தார். "என்னம்மா?"

"சம்மதம் இல்ல சார். என் பங்கு எனுக்கு வோணும்."

மாமா எழுந்து நின்றுவிட்டார். "யக்கா, இன்னா வெளாட்ற? எல்லாம் பேசி முடிச்சதுதான?" என்றார். அண்ணன் "அம்மா, நான் உன்கிட்ட சொன்னனே, நீ சரினியே" என்றான். நான்தான் முதலில் சமாளித்துக்கொண்டு, அம்மாவின் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னேன். "அம்மா, பயப்படாத. இது அண்ணனுக்கு மட்டும் போகல. பாதி எனுக்கு வருது."

"எவன் கேட்டாலும் எய்தி குடுக்காதனு சொன்னவ யாருடி?"

"அது அண்ணன் கேட்டா குடுக்காதனு சொன்னேம்மா!"

வாய்விட்டே சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சார்பதிவாளரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை. பத்தொன்பது வருஷம் அடுத்தவன் பீஸில் குறை கண்டுபிடித்தவள், அந்தப் பத்திரத்தை மூன்று தடவை படித்தும், எந்த வரிக்குச் சிவப்பு டேக் போட வேண்டுமோ அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். தாம்பாளமும் புடவையும் இல்லை என்பதைத் தவிர அண்ணன் எனக்குச் செய்யப் பார்த்ததற்கும் நான் அம்மாவுக்குச் செய்யப் பார்த்ததற்கும் என்ன வித்தியாசம்?

"அம்மாவுக்குச் சம்மதம் இல்லனா பதிவு பண்ண முடியாது. வெளிய போய்ப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று சார்பதிவாளர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சில் அம்மா நடுவில் உட்கார்ந்தாள். நாங்கள் நின்றோம். ரகுநாதன் பேனாவை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் பார்த்தார்.

"எய்திக்கோ நைனா" என்றாள் அம்மா அவரிடம். "கீய் ஊடு எனுக்கு. மாடில முன்பக்கம் மோகனுக்கு. பின்பக்கம் இவளுக்கு. மனை மூணா போட்டுக்கோ. மூணும் சமமா கீதா, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுனு வராதா, நீயே கணக்கு பாத்து சொல்லு."

என்னைக் கேட்ட கேள்வியெல்லாம் இதற்குத்தானா என்று அப்போதுதான் உறைத்தது.

"அப்ப நான் எங்கம்மா போறது?" என்றான் அண்ணன். அவன் குரல் உடைந்திருந்தது. "இத்தினி வருசமா கீய்தான கீறேன். இப்ப பொண்டாட்டிய இட்டுகினு மாடி ஏறணுமா?"

"எங்கயும் போவாத. எங்க கீறியோ அங்கயே இரு. உன்ன யாரு போவ சொன்னது?" அம்மா அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "டேய், அந்த ஊட்டு செவுரு எயும்பினப்ப காலைல சாய்ந்தரம் தண்ணி ஊத்துனது நானு. இவள வயித்துல வச்சிகினு மணல் சலிச்சது நானு. மொதல்ல அது உங்க நைனா ஊடுனாங்க. அவரு பூட்டாரு, மறுநாளே உன் ஊடுனாங்க. நான் உன் ஊட்ல கஞ்சி குடிக்கிறவளா ஆயிட்டேன். இனிமேட்டு நீ என் ஊட்ல இரு. நான் சோறு போடுறேன்."

அண்ணன் அந்தக் கூட்டத்தில், நாற்பத்தேழு வயது ஆம்பிளை, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அம்மாவை அப்படியே தூக்கிச் சுற்ற வேண்டும்போலவும் இருந்தது. ஒரு போர்ஷன் போச்சே என்றும் ஒரு ஓரத்தில் தோன்றாமல் இல்லை. தோன்றியதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பத்திரத்தை மாற்றி அடித்து, மறுபடி வரிசையில் நின்று, மூன்று பேரும் கையெழுத்துப் போட மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. சார்பதிவாளர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அம்மா "சம்மதம் சார்" என்று வாசலில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கையெழுத்தை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு வெளியே போகாமல் போட்டாள்.

அண்ணனும் மாமாவும் பைக்கில் போய்விட்டார்கள். அம்மாவை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன். பின்னால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கம்பெனி லாரிக்குப் பின்னால் சிக்னலில் காத்திருக்கும்போது, மனசுக்குள் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அங்க போய் அத்தினி பேர் முன்னால என் மானத்த வாங்கணுமா? உனுக்கு இஷ்டம் இல்லனா முன்னாடியே ஊட்ல சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ரெண்டு பேரும் எங்கடி கேட்டீங்க?" என்றாள் அம்மா. "அறுவத்தெட்டு வயசாவுது. உனுக்கு சம்மதமானு என்ன ஒருத்தர் கேட்டது இன்னிக்குத்தான்."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். எனக்கு வண்டியை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.